தண்ணீர்மலையில் புகை

பாலிக் புலாவிலிருந்து ஜார்ஜ் டவுன் பக்கம் திரும்பும் மலைச்சாலை. உச்சி வெயில். ஓரமாக ஒரு மோரிஸ் மைனர், போனட்டைத் திறந்து வைத்தபடி நிற்கிறது. பினாங்கில் பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான் என்பதால் ஓட்டி வந்தவரின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை இருமியது, திணறியது, நின்றுவிட்டது. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் நின்றது.

வண்டிக்குள் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் தெரிந்திருந்தது. மைத்துனருக்குக் கார்பரேட்டரில் அடைப்பு. பின்னால் வந்து நிறுத்தி உதவ முன்வந்தவருக்குக் காயில் போய்விட்டது. பின்சீட்டில் இருந்த பாட்டிக்கு இவை எதுவும் இல்லை. "கெளம்பும்போது ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போடான்னு சொன்னேனா இல்லையா?"

மூவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாவலுக்கு ஒருவருக்கு எப்போது உரிமை வருகிறது? 'எனக்குத் தெரியும்' என்று எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடம் வரை 'எனக்குத் தோன்றுகிறது' என்று மட்டும் சொல்ல வேண்டும்? தமிழ்ச் சமய நூல்கள் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டன. அதற்கு 'அளவை' என்று பெயர் வைத்தன. நெல்லை மரக்காலால் அளப்பதுபோல அறிவை எதனால் அளப்பது என்பது பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இந்த அளவையைத்தான் முதலில் விளக்குகிறது. காண்டல், கருதல், உரை என்று மூன்று. மற்றவர்கள் எண்ணும் பத்தும் இந்த மூன்றுக்குள் அடங்கும் என்பது அவர் முடிவு. கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு ஊகித்து அறிவது, நம்பத் தகுந்தவர் சொல்லி அறிவது.

வண்டி எப்படியோ நகரத்துக்கு வந்து சேருகிறது. மலாயில் மெக்கானிக்கைப் 'பொமன்' என்பார்கள். ஆங்கில ஃபோர்மேன் தேய்ந்து வந்த சொல். நல்ல பொமன் ஸ்பேனரை உடனே கையில் எடுப்பதில்லை. முதலில் கேட்கிறார். "எப்ப நின்னுச்சு தம்பி? ஏறும்போதா, எறங்கும்போதா? பட்டுன்னு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?" உரை என்னும் அளவை இங்கே வேலை செய்கிறது. பட்டென்று விளக்கணைத்ததுபோல் நின்றால் மின்சாரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறி, குலுங்கி, மெல்ல நின்றால் பெட்ரோலின் பக்கம். உறுதியான விதி என்று இதைச் சொல்ல முடியாது, பெரும்பாலும் அப்படி. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை மறந்த இடத்தில்தான் பல வண்டிகளுக்கு வேண்டாத புது கார்பரேட்டர் வாங்கப்பட்டிருக்கிறது.

மோரிஸ் மைனரில் எஸ்யூ கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று அடிக்கும். கார்பரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். இதைச் சற்று நெருங்கிக் கேட்க வேண்டும். விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கி காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. சத்தமே இல்லை என்றால்? கிண்ணம் நிறைந்திருக்கிறது, எல்லாம் சரி. அல்லது பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் கருகிப்போய் அது செத்துக் கிடக்கிறது. ஒரே மௌனம், நேரெதிரான இரண்டு பொருள். ஸ்பேனரின் கைப்பிடியால் பம்பை லேசாகத் தட்டி, உயிர் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இல்லாமையைக் கொண்டு அறிவதை மணிமேகலையில் வரும் வைதிக அளவைவாதி 'அபாவம்' என்று தனி அளவையாகவே எண்ணுகிறான். பிற்காலத் தருக்க நூலார் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் நிச்சயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில் மட்டுமே அது தெரியாததை வைத்து 'இல்லை' என்று சொல்லலாம். சூலியா தெருவின் இரைச்சலில் காதை வைத்துப் 'பம்ப் அடிக்கவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. போக்குவரத்து ஓயும்வரை காத்திருக்கும் பொமனுக்கு அந்த நிபந்தனையின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதை அவர் கடைப்பிடிக்கிறார்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் பட்டறை முழுவதும் பழைய தருக்க நூல்கள் தட்டுப்படும். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான் என்பது அருத்தாபத்திக்கு, அதாவது கண்டது பொருந்தக் காணாதது ஒன்றைக் கொள்வதற்கு, வாய்ப்பாடாகச் சொல்லும் உதாரணம். பகலில் நன்றாக சார்ஜ் ஆகும் பேட்டரி காலையில் செத்துக் கிடக்கிறது என்றால் இரவில் யாரோ அதைத் தின்கிறார்கள். பூட்டில் அணையாத விளக்கோ, உரசித் தேய்ந்த ஒயரோ. ஒழிபு என்பது வேண்டாதவற்றை நீக்கி எஞ்சியதைக் கொள்வது. எஞ்சினில் அமுக்கம் குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிய துளை வழியே ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளப்பார்கள். அமுக்கம் ஏறினால் ரிங். ஆயில் இடைவெளியை அடைத்துவிட்டது. ஏறவில்லை என்றால் குற்றம் மேலே, வால்வில். எஞ்சினைப் பிரிக்காமலே ஒரு கரண்டி எண்ணெயில் வழக்கு முடிகிறது.

புகைக்கு வருவோம். இந்தியத் தருக்கத்தின் மிகப் பழைய உதாரணம் அது. இம்மலையில் நெருப்பு உண்டு; புகை இருப்பதால்; அடுக்களையைப் போல. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு இதைப் பாடமாகச் சொல்கிறார். நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்கு எதிர்மறை உதாரணமாக அவர் காட்டுவது நீர். பினாங்குத் தமிழர் முருகனை வைத்திருக்கும் மலைக்குத் தண்ணீர்மலை என்று பெயர். தைப்பூசத்தையொட்டி அந்த மலையடியில் கற்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் சூழ, 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்த நகரத்தார் வெள்ளித் தேரும் 2017 முதல் தங்கத் தேரும் வந்து சேர்கின்றன. மலையில் புகை, மலையின் பெயரில் நீர். மணிமேகலையைப் படித்துவிட்டு அங்கே போகும் ஒருவருக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வராமல் போகாது.

பழைய எஞ்சினின் புகையில் மூன்று நிறம் உண்டு. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. பெரும்பாலும் சோக் இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இறக்கத்தில் விட்டு, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது குப்பென்று நீலம் வந்தால் வால்வு கைடு வழியாக ஆயில் இறங்குகிறது. ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். வெள்ளை என்றால் தண்ணீர். ஹெட் காஸ்கெட் கிழிந்து குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது, செலவு பெரிது.

ஆனால் ஈரம் மிகுந்த பினாங்குக் காலையில் நல்ல எஞ்சினும் முதல் இரண்டு நிமிடம் சைலன்சரில் வெள்ளையாகத்தான் விடும். இரவெல்லாம் குழாயில் தங்கிய ஈரம் ஆவியாகிப் போகிறது, அவ்வளவே. அதைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. அறவண அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது காரணம்போல் தோன்றிக் காரணமாகாதவற்றை, அடுக்கும்போது சரியாக இதையே குறிப்பிடுகிறார். ஆவியா பனியா என்று இன்னும் ஐயம் தீராதபோதே, அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுவது ஒரு பிழை. தேர்ந்த பொமன் சைலன்சர் வாயருகே உள்ளங்கையைப் பிடித்துப் பார்க்கிறார். ஈரமா, பிசுக்கா, கரியா? பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பிடிக்கிறார். ஆவி அதற்குள் மறைந்திருக்கும். கசிவு என்றால் மறையாது.

அந்தப் பத்து நிமிடப் பொறுமைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். தமிழில் ஒரு பழமொழி உண்டு: நெருப்பில்லாமல் புகையாது. வீட்டிலும் தெருவிலும் அது எதற்குப் பயன்படுகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு பெண்ணைப் பற்றி, ஒரு கணக்குப்பிள்ளையைப் பற்றி, வேலையிழந்த ஒருவரைப் பற்றி யாரோ ஏதோ சொல்ல, உறுதி கேட்பவரின் வாயை அடைக்கத்தான் அந்தப் பழமொழி வருகிறது. அது புகைதானா, பனியா என்று யாரும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதில்லை.

மணிமேகலைக் காப்பியம் தருக்கத்தை வெறும் பாடமாக மட்டும் வைக்கவில்லை. அதற்கு முன்பே, தவறான ஊகம் ஒன்று ஓர் உயிரைக் குடித்த கதையைச் சொல்லிவிடுகிறது. தன்னைத் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்திருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டு பிரிந்திருந்த மனைவி காயசண்டிகையைத் தேடி வந்த காஞ்சனன் அவளைக் காண்கிறான். அவள் அவனைப் பொருட்படுத்தாமல் உதயகுமரனோடு பேசுகிறாள். கண்ணால் கண்டது அத்தனையும் உண்மை. உருவம் அவளுடையதுதான், பேசியதும் உண்மைதான். அதிலிருந்து அவன் தாவிய முடிவு மட்டும் பொய். வாளை வீசி உதயகுமரனைக் கொன்ற பிறகுதான் தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை அவனுக்கு உண்மையைச் சொல்கிறது.

சிலப்பதிகாரமும் வேறில்லை. காணாமல் போன அரசியின் சிலம்பு, கோவலன் கையில் ஒரு சிலம்பு, நம்பிக்கைக்குரியவன் என்று கருதப்பட்ட பொற்கொல்லனின் சொல். காண்டலும் கருதலும் உரையும் மூன்றும் சேர்ந்து பாண்டியனைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோயின. மூடிய சிலம்பை உடைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, கண்ணகி வந்து உடைக்கும்வரை. அரசியின் சிலம்பில் முத்து. இதிலிருந்து தெறித்தது மாணிக்கம். இரட்டைக் காப்பியங்கள் என்று நாம் கொண்டாடும் இரண்டின் நடுவிலும் பிரித்துப் பார்க்காமல் கொடுத்த தண்டனை ஒன்று இருக்கிறது. ஊழ் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். ஊழ் இருக்கட்டும். அந்தத் தண்டனையை ஊகம்தான் நிறைவேற்றியது.

பிரித்துப் பார்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட தமிழ்நாட்டு மனிதர் ஒருவர் உண்டு. கோவை கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் உணவகத்தில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஓட்டித் திரியவில்லை. அக்கக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கியவர் பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே கட்டினார். கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடீ கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பார்க்கும்போது அந்தக் கழற்றிப் பார்த்த பையனின் நினைவு வரும். நாயுடு மறைந்த 1974ஆம் ஆண்டில்தான், மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பை வைத்தே தத்துவம் பேசிய அமெரிக்கர் ராபர்ட் பிர்சிக்கின் புத்தகமும் வந்தது. 121 பதிப்பாளர்கள் மறுத்த புத்தகம் அது. பிர்சிக் இளமையில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த அணுகுண்டுகளும் மாயைதானா என்று கேட்டு, ஆம் என்ற விடை பெற்று, வகுப்பை விட்டு எழுந்து போனதாக அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எரியும் உடல் ஒரு விளைவு. அதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்கு ஒரு கை உண்டு. அதைக் கேட்காத தத்துவம் அவருக்கு வேண்டாம் என்று பட்டதில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் கடவுள்? இங்கேதான் விஷயம் கனக்கிறது. மெய்கண்டாரின் சிவஞான போதம், பன்னிரண்டு சூத்திரங்களில் முதல் சூத்திரத்திலேயே, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு முதல்வன் உண்டு என்று நிறுவுகிறது. குடத்தைக் கண்டு குயவனை அறிவதுபோல. வெள்ளம் கண்டு மேலே மழை பெய்ததை அறியும் அதே வழி. பொமன் போகும் வழியும் அதுவே. ஆனால் இதே வழியை இராமானுசர் ஒப்புக்கொள்ளவில்லை. குடத்திலிருந்து புறப்பட்டால் உடம்போடு கூடிய, அறிவு குறைந்த ஒரு குயவனிடம்தான் போய்ச் சேர முடியும்; கோபுரத்தைக் கண்டால் பல சிற்பிகளிடம். எங்கும் நிறைந்த ஒருவனிடம் அந்தப் பாதை போய்ச் சேராது, அவனை வேதம் சொல்லித்தான் அறிய முடியும் என்பது அவருடைய ஸ்ரீபாஷ்யத்தின் வாதம். இருவரும் பக்தர்கள். கடவுள் உண்டா என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. எந்த அளவையால் அறிந்தோம் என்பதில்தான்.

ஒரு பக்தருக்கு இவ்வளவு நேர்மை ஏன் வேண்டும் என்று கேட்கலாம். விடை பாட்டியின் தேங்காயில் இருக்கிறது. மைனர் நின்றதற்குத் தேங்காய் உடைக்காதது காரணம் என்றால், அடுத்த வீட்டுக் குழந்தை நோயில் விழுந்ததற்கும் யாரோ செய்த குற்றம் காரணமாகிவிடும். 'என்ன பாவம் செஞ்சாங்களோ' என்று துக்க வீட்டு வாசலிலேயே பேசுகிறவர்கள் வினைக் கொள்கையைப் பேசுவதாக நினைக்கிறார்கள். ஒரே விளைவுக்குப் பல காரணம் இருக்கலாம் என்பதை மறந்து, கண்ட துன்பத்திலிருந்து காணாத குற்றத்துக்குத் தாவுகிறார்கள். வினை உண்டு என்று சொல்லும் எந்தச் சைவ நூலும், அடுத்தவரின் வினையைப் படித்துச் சொல்லும் உரிமையை அண்டை வீட்டாருக்குத் தரவில்லை. 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லே வடமொழியில் 'காணப்படாதது' என்ற பொருளில் பிறந்தது. காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்கு வைசேடிகர் சொன்ன காரணம் அந்தக் காணப்படாததுதான். காரணம் இன்னும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் அடக்கமான சொல் ஒன்று, தெரிந்துவிட்டது என்ற தொனியில் இன்று புழங்குகிறது.

பாட்டியின் தேங்காயை இந்தக் கட்டுரை குறை சொல்லவில்லை. ஆயுத பூஜையன்று பட்டறையைக் கழுவி, ஸ்பேனர்களை வரிசையாக வைத்துச் சந்தனம் இட்டு, கார் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் பொமனும் இதே ஊர்க்காரர்தான். அன்று கருவியைத் தொடுவதில்லை. வருடம் முழுதும் தன் கை செய்த வேலை தன்னால் மட்டும் ஆனதல்ல என்று நினைத்துக்கொள்ளும் நாள் அது. எந்த ஏதுவாலும் நிறுவ வேண்டாத நன்றி. அந்த நன்றியை மறுநாள் காரணமாக்கி, 'பூஜை போட்டாச்சு, பிரேக் பார்க்க வேண்டாம்' என்று சொல்கிறவர் பூஜையையும் கெடுக்கிறார், பிரேக்கையும் கெடுக்கிறார்.

மைனருக்குத் திரும்புவோம். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இந்த நோயில்தான் காகம் உட்காரப் பனம்பழம் விழும். நின்றதும் ஒருவர் கார்பரேட்டரைத் தட்டுகிறார், இன்னொருவர் பிளக்கைத் துடைக்கிறார், வேறொருவர் சாலையோரத்துச் சாமியைக் கும்பிடுகிறார். கால் மணியில் எஞ்சின் தானாக ஆறுகிறது, ஓடுகிறது. மூவருக்கும் தான் செய்ததே மருந்து என்று தோன்றும்.

வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சுண்டுவிரல் அளவு கண்டென்சர் சூட்டில் பழுதாகியிருக்கலாம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் அந்தப் பாயிண்ட் விநாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு திறப்பிலும் பொறி தப்பாமல் காப்பது கண்டென்சர். இரண்டில் எது என்று அறிய ஆறிய வண்டியைப் பார்த்துப் பயனில்லை. பொமன் வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்குத் தள்ளச் சொல்கிறார். ஓடவிட்டு, நிற்கும்வரை காத்திருக்கிறார். நின்றதும், ஆறுவதற்குள், ஈரத்துணியைப் பம்பின் மேல் போடுகிறார். மாற்றமில்லை. கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றுகிறார், பெட்ரோல் நன்றாக அடிக்கிறது. பிளக் ஒயரை பிளாக்குக்கு அருகே பிடித்துச் சுற்றச் சொல்கிறார். தடித்த நீலப் பொறி வர வேண்டிய இடத்தில் மெலிந்த மஞ்சள். மூடியைத் திறந்தால் பாயிண்ட் முனையில் கருக்கல்.

புதுக் கண்டென்சர் போடுகிறார். வண்டி ஓடுகிறது. அரை மணி வெயிலில் ஓடவிட்டும் நிற்கவில்லை. உரிமையாளர் பர்ஸை எடுக்கிறார்.

"இருங்க தம்பி."

எஞ்சினை நிறுத்தி, கழற்றிப் போட்ட பழைய கண்டென்சரையே மறுபடி மாட்டுகிறார். உரிமையாளருக்குப் புரியவில்லை. அறவண அடிகள் அன்வயம் (உடன்பாடு), வெதிரேகம் (எதிர்மறை) என்று சொன்ன இரண்டில் முதலாவது மட்டும்தான் இதுவரை ஆகியிருக்கிறது. புதியது இருந்தால் ஓடுகிறது என்று தெரிந்தது. பழையது வந்தால் நிற்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. எஞ்சின் சூடேறுகிறது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பாட்டி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். வண்டி ஒருமுறை இருமி, நிற்கிறது.

பொமன் பழையதைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, புதியதை எடுத்து மாட்டுகிறார்.